நோயும் நடையும்

நமது கல்லூரி யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து இலக்கியப் பொருளையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர் என்பதை நான் அறிவேன். அவ்வாறே ஒன்றை எழுதவும் தொடங்கினேன். எழுதிக்கொண்டிருக்கையில், சென்ற ஆண்டு மாணவனொருவன் வகுப்பு முடிந்ததும் என் மேசையருகே தயங்கி நின்று, "சேர், அப்பாவுக்குக் கீமோ தொடங்கியிருக்கினம். அவரைக் கட்டிலாலை இறங்கி நடக்க விடலாமோ?" என்று தாழ்ந்த குரலிற் கேட்டது நினைவுக்கு வந்தது. அடுத்த பாடத்துக்கு மணி அடித்துவிட்டது. அவனுக்கு நான் சொன்னவை நான்கு வாக்கியங்கள். சொல்லாது விட்டவை மிகப் பல. ஆதலின் இலக்கியக் கட்டுரையை ஒருபுறம் வைத்துவிட்டு, அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன். நான் வைத்தியனல்லேன், பயிற்றப்பட்ட ஆசிரியன் மாத்திரமே. ஆயினும் அம்மருந்து என் நரம்பினூடாக ஆறு முறை ஓடியிருக்கிறது. எனக்கு முன்னர் என் தாயின் நரம்பிலும் ஓடியது. அவர் வகையில் நான் செய்த பிழையையும் என் வகையிற் பிறர் அப்பிழையைத் திருத்திய விதத்தையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'கீமோ' என்று நம்மவர் வழங்கும் இரசாயன சிகிச்சை, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தேடி அழிப்பது. புற்றுநோய் அணுக்கள் அவ்வாறு பெருகுவன. ஆனால் மயிர்க்கால், வாயின் உட்புறம், குடலின் உட்சுவர், இரத்தத்தை ஆக்கும் எலும்பு மச்சை ஆகியவற்றின் அணுக்களும் விரைந்து பெருகுவனவே. ஆதலால் மருந்து பகைவனை அடிக்கும்போது அயலவனுக்கும் அடி விழுகிறது. மயிர் உதிர்வதும், வாய் புண்ணாவதும், குருதியணுக்கள் குறைவதும் அதனாலேயே. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் துன்பங்கள். கண்ணுக்குத் தெரியாத பெருந்துன்பம் ஒன்றுண்டு, அதுவே களைப்பு. வயலில் உழைத்தவன் களைப்பு ஓர் இரவு உறக்கத்தில் தீர்ந்துவிடும். இக்களைப்போ உறங்கி எழுந்த பின்னரும் கட்டிலருகிற் காத்து நிற்கும். அதனைக் காணும் வீட்டார், "களைப்பென்றால் படுக்கத்தானே வேண்டும்" என்று எண்ணுவர். நாங்களும் அவ்வாறே எண்ணினோம்.

என் தாயாருக்கு நோய் கண்டது 2014ஆம் ஆண்டில். அதனைச் சொல்லுமுன் அவருடைய கால்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்ட சனம், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கி நகர்ந்து, 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் வந்து முடிந்த நடையை இம்மலரைப் படிப்போரிற் பலர் தம் கால்களாலேயே அறிவர். நான் விரித்தெழுத வேண்டியதில்லை. அம்மா அவ்வழி முழுவதும் தலையில் ஒரு மூட்டையும், இடுப்பில் ஓராண்டு நிரம்பாத என் மகளுமாக நடந்தார். முகாமிலிருந்து மீண்டு, கூரையற்ற நம் வீட்டுக்குத் திரும்பிய பின்னர், நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமலே ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தோம்: அம்மா நடந்தது போதும்.

ஆகவே, முதலாம் முறை மருந்தேற்றி வந்த மூன்றாம் நாட்காலை, அவர் முற்றத்தில் இறங்கி ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்துக் கூட்டத் தொடங்கியபோது, நான் ஓடிச்சென்று அதனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "தம்பி, அரைவாசி முற்றமெண்டாலும் கூட்டிறன், கை சும்மா கிடந்தால் எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். "அம்மா, நீங்கள் நடந்தது காணும், போய்ப் படுங்கோ" என்றேன். அவர் மறுநாளும் அதனைத் தேடினார். நான் அதனை மாட்டுக்கொட்டிலின் கூரை ஓலையிற் செருகி மறைத்துவிட்டேன். புதிய மெத்தை வாங்கிப் போட்டேன். கோப்பையை அவர் எடுக்கவேண்டியதில்லை, நாங்களே வாயருகிற் பிடித்தோம். அயலார் எங்கள் பணிவிடையை மெச்சினர். இரண்டு மாதத்துள் அவருடைய தொடைகள் மெலிந்து என் கைப்பருமனாயின. கட்டிலிலிருந்து எழுந்து நிற்க இருவர் தாங்க வேண்டியிருந்தது. ஒருநாள் இரவு எவரையும் எழுப்ப மனமின்றித் தாமே எழ முயன்று விழுந்தார். அதன்பின் அவர் எழவில்லை. 2015ஆம் ஆண்டின் மாரிக்கு முன் கண்மூடினார்.

நடந்திருந்தால் என் தாய் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. நோய் முற்றிய பின்னரே கண்டறியப்பட்டது. அதனை வெல்லும் வல்லமை எந்த நடைக்கும் இருந்திராது. ஆயினும் எஞ்சியிருந்த மாதங்களை அவர் தம் காலில் நின்று கழித்திருக்கக்கூடும். அதனை நோய் பறிக்கவில்லை. என் அன்பு பறித்தது. செத்தவீட்டு மறுநாள் முற்றம் கூட்ட வேண்டியிருந்தது. விளக்குமாற்றைக் காணவில்லை என்று எல்லோரும் தேடினர். நானே போய்க் கூரையிலிருந்து இழுத்தெடுத்தேன்.

நிற்க. 2023ஆம் ஆண்டு தைப்பொங்கலின் பின், என் கழுத்தில் நோவற்ற கட்டியொன்று தென்பட்டது. சோதித்தபோது நிணநீர்க் கணுவிற் பிறந்த புற்றுநோய் என்றனர். மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு முறை மருந்து ஏற்றவேண்டும் என்று தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினர். அப்பிரிவின் வரலாறு என் பொருளோடு மிகவும் இயைபுடையது. 2011ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறை வரை, 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் ஒரு கூட்டத்தார் கால்நடையாகக் கடந்தனர். துடுப்பாட்ட வீரர் மகேல ஜயவர்தன முதலானோர் அம்முயற்சிக்குத் துணை நின்றனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என ஆயிரக்கணக்கானோர் இடையிடையே சேர்ந்து நடந்தனர். போர் ஓய்ந்து ஈராண்டே ஆகியிருந்த வன்னி நிலத்தையும் அவர்கள் ஊடறுத்துச் சென்றனர். அந்நடையினாற் சேர்ந்த பொருளைக் கொண்டே வடபகுதிப் புற்றுநோயாளருக்குத் தெல்லிப்பழையிற் சிகிச்சை நிலையம் எழுந்தது. நடந்து கட்டிய வைத்தியசாலையில் நான் நடக்கக் கற்றேன் என்றால் அது வெறும் சொல்நயமன்று.

ஆனால் உடனே கற்றேனல்லேன். முதலாம் முறை முடிந்து ஆனையிறவைக் கடந்து வீடு வந்ததும், என் மனைவி பழைய மெத்தையை வெயிலிற் காயவைத்து விரித்திருந்தாள். "நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம், படுங்கோ" என்றாள். அம்மாவுக்கு நான் சொன்ன சொற்களே எனக்குத் திரும்பி வந்தன. நானும் மறுக்கவில்லை, மறுக்க வலுவும் இல்லை. பதினெட்டு நாட்கள் கட்டிலும் விறாந்தைச் சாய்மனைக் கதிரையுமாகக் கழித்தேன். இரண்டாம் முறைக்குப் புறப்பட்ட காலை, பஸ்ஸின் முதற்படியில் வலக்காலை வைத்தவன் உடலை மேலே தூக்க இயலாது நின்றுவிட்டேன். பின்னால் நின்ற இளைஞன் ஒருவன் என் இடுப்பிற் கைகொடுத்து ஏற்றிவிட்டான். அவன் என் பழைய மாணவன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

அன்று மருந்தேற்றும் அறையிற் கடமையிலிருந்த தாதியொருவர், "வீட்டிலை என்ன செய்யிறனீங்கள் சேர்?" என்று கேட்டார். "முழு ஓய்வு" என்று பெருமையோடு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஓய்வு வேண்டும் சேர், ஆனால் முழுதும் ஓய்வாய்க் கிடவாதேங்கோ. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நடவுங்கோ. அதுவும் மருந்துதான்" என்றார். வைத்தியரும் என் இரத்தப் பரிசோதனைத் தாளையும் இருதயப் பரிசோதனை முடிவையும் பார்த்து அதனை உறுதிசெய்து, எப்பொழுது நடக்கலாம், எப்பொழுது நடத்தலாகாது என்பதைத் தெளிவாகச் சொன்னார். என் நெஞ்சில் ஒன்று உடைந்தது போலிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதனை நான் கேட்டறிந்திருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, ஓய்வே சரியென்று உறுதியாக நம்பிய எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இவ்வறிவு உலகுக்கே அண்மையில் வந்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிற் புற்றுநோயாளருக்கு வைத்தியர்களும் ஓய்வையே விதித்தனர். 1980களில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துத் தாதியியல் அறிஞர் சிலர், மார்பகப் புற்றுநோய்க்கு இரசாயன சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த பெண்களை, நிலையாகப் பொருத்திய சைக்கிளில் வாரத்தில் மூன்று நாளாகப் பத்து வாரம் மிதிக்கச் செய்தனர். அவர்கள் சோரவில்லை, சும்மா இருந்தவரினும் உடல் வலுப் பெற்றனர். 1989ஆம் ஆண்டில் அம்முடிவு வெளியாயிற்று. தொடர்ந்து பல நாட்டாரும் ஆராய்ந்தனர். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய அறிஞர் குழு, சிகிச்சைக் காலத்திலும் அளவான உடற்பயிற்சி தீங்கற்றது என்றும், புற்றுநோயாளர் செயலற்றிருத்தலைத் தவிர்க்க வேண்டும் என்றும் கூறியது. மீண்டும் கூடிய அக்குழு 2019ஆம் ஆண்டில், வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம் மிதமாக நடத்தல் முதலியன களைப்பையும் மனக்கலக்கத்தையும் தணிக்கும் என்று அளவையும் வரையறுத்தது. 2025ஆம் ஆண்டில், பெருங்குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் இரசாயன சிகிச்சையும் முடித்த 889 பேரை வைத்துக் கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிற் செய்த ஆராய்ச்சி வெளிவந்தது. மூன்றாண்டு வழிகாட்டலுடன் பயிற்சி செய்தோரில் எட்டாண்டின் பின் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாழ்ந்தனர். அறிவுரை நூல் மாத்திரம் பெற்றோரில் எண்பத்துமூவர் வாழ்ந்தனர். அஃது ஒரு வகை நோய்க்கும், சிகிச்சை முடிந்த பின்னுள்ள காலத்துக்குமே உரிய முடிவு. எல்லா நோய்க்கும் அதனை நீட்டிச் சொல்லலாகாது. நடை மருந்துக்குப் பதிலன்று. மருந்தைத் தாங்கும் உடலுக்கு ஊன்றுகோல்.

களைத்தவன் நடந்தாற் களைப்புக் கூடாதோ என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். படுத்திருப்பவன் தசை நாள்தோறும் சுருங்குகிறது. சுருங்கிய தசையால் ஓரடி எடுத்து வைப்பதற்கும் இருதயம் முன்னையிலும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே முன்பு களைப்புத் தராத வேலையும் இப்பொழுது களைப்புத் தருகிறது. களைத்தவன் மறுபடியும் படுக்கிறான். படுக்கப் படுக்கக் களைப்பு; களைக்கக் களைக்கப் படுக்கை. இச்சுற்றை எங்கோ ஓரிடத்தில் அறுக்க வேண்டும். படுக்கையைக் குறைப்பதே மனிதன் கையில் உள்ள இடம்.

எனக்கு ஏற்றிய மருந்துகளின் இயல்பை அறிந்தபோது, எந்தப் பயிற்சி எதற்காக என்பதும் விளங்கிற்று. அவற்றுள் ஒன்று, முதலாம் உலகப்போரில் வீசப்பட்ட கடுகுவாயுவின் உறவில் 1940களிற் பிறந்த மருந்துகளின் வழிவந்தது. மற்றொன்று, இத்தாலி நாட்டு மண்ணிற் கண்டெடுத்த நுண்ணுயிரின் வழியாய் வந்த செந்நிற மருந்து. அது இருதயத்தைத் தாக்கக்கூடுமாதலால், நெஞ்சுநோவோ மூச்சுத்திணறலோ படபடப்போ கண்டால் நடையை நிறுத்தி உடனே வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். மூன்றாவது, நம் வீட்டு வேலியோரத்திலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து பிரித்தெடுத்தது. நித்தியகல்யாணி என்றும் அதனை வழங்குவர். 1950களிற் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர், நீரிழிவுக்கு உதவுமோ என்று அச்செடியைச் சோதிக்கப் புகுந்து, அது வெண்குருதியணுக்களைக் குறைப்பதைக் கண்டனர்; அதிலிருந்து இம்மருந்தினம் பிறந்தது. அதற்காகச் செடியைப் பிடுங்கி அவித்துக் குடிப்பார் உளர். அது நஞ்சு, செய்யலாகாது. அம்மருந்து கைகால் விரல் நுனிகளை மரக்கச் செய்யும். வெண்கட்டி என் விரலிடையிலிருந்து நழுவியதும், செருப்புக் கழன்றதை அறியாமல் நான் நடந்ததும் அதனாலேயே. நான்காவது, ஐந்து நாட்கள் விழுங்கும் குளிசை. அது பசியைத் தூண்டி நலம் செய்வதெனினும் தொடைத் தசையைக் கரைக்கவல்லது. பஸ் படியில் என்னை நிறுத்தியதிற் படுக்கைக்குப் பாதிப் பங்கென்றால் குளிசைக்கு மறுபாதிப் பங்கு.

ஆகவே தொடைக்கு ஒரு பயிற்சி: கையுள்ள உறுதியான கதிரையிற் சுவரோரமாக அமர்ந்து, கையூன்றாமல் எழுந்து நின்று மெல்ல அமர்தல். முதல்நாள் மூன்று முறை, அதுவும் கையூன்றி. மரத்த காலுக்கு ஒரு பயிற்சி: விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி விரலில் நின்று இறங்குதல். தோளுக்கு ஒரு பயிற்சி: சுவரிற் கைகளை ஊன்றிச் சாய்ந்து மீளுதல், மருந்தூசி குத்திய கை நோகுமானால் அன்றைக்கு அது வேண்டாம். எல்லாவற்றிலும் முதன்மையானது நடை. என்னிடம் அளவுக்கருவி இல்லை. எங்கள் ஒழுங்கையின் வேலிக் கதியால்களை எண்ணி நடந்தேன். முதல்நாள் பன்னிரண்டு கதியால் சென்று திரும்பினேன். நான்காம் நாள் பதினாறு. இரண்டாம் முறை மருந்தின் முடிவில் ஒழுங்கை முகப்பு வரை நாற்பத்தொரு கதியால். அங்கே நின்று கண்டி வீதியிற் போகும் வாகனங்களைப் பார்த்தபோது, வெளிநாடு போய் வந்தவன் போல் உணர்ந்தேன்.

அளவை அறிய ஓர் எளிய வழியுண்டு. நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும்; வாக்கியம் இடையில் மூச்சால் அறுந்தால் வேகம் மிகுதி என்க. அவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த என் மகள், விடியற்காலையில் என்னோடு நடந்து இலக்கண வினாக்களைக் கேட்பாள். புணர்ச்சி விதியொன்றை நான் சொல்லிக்கொண்டு போகையில் சொல் இடறினால், "அப்பா, மெல்ல" என்று நின்றுவிடுவாள். அவளுக்கு அப்பரீட்சையிற் தமிழில் நல்ல சித்தி கிடைத்தது. எனக்கு நடை கிடைத்தது. ஒரு காலத்தில் அம்மாவின் இடுப்பிலிருந்து அவ்வழியெல்லாம் வந்த பிள்ளை அவள் என்பதை நான் அவளுக்கு நினைவூட்டவில்லை.

எல்லா நாளும் ஒரேயளவு நடத்தல் இயலாது. இரணைமடுக் குளத்து நீரை நம்பிச் சிறுபோகம் செய்யும் கமக்காரர், ஆண்டுதோறும் நீர்மட்டத்தைப் பார்த்த பின்னரே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டம் கூடித் தீர்மானிப்பர். சென்ற ஆண்டு விதைத்தோம் என்பதற்காக இவ்வாண்டும் விதைப்பதில்லை. நோயாளியும் காலைதோறும் தன் குளத்து மட்டத்தைப் பார்த்தே துருசைத் திறக்கவேண்டும். மருந்தேற்றிய முதல் மூன்று நாட்களில் எனக்கு முற்றத்தை ஒருமுறை சுற்றுவதே பெருநடை. மூன்றாம் வாரத்திற் குருதியணுக்கள் மீண்டெழும்போது நடையும் நீளும். மூன்றாம் முறையின் முடிவில், உடல் தேறிவிட்டதென்ற செருக்கில், காலை பத்து மணி வெயிலிற் குளக்கட்டு வரை நடந்து போனேன். திரும்பி வருவதற்கு அயலவர் ஒருவருடைய மோட்டார் சைக்கிள் வேண்டியிருந்தது. இரண்டு நாட்கள் கட்டிலிற் கிடந்தேன். மறுநாட் களைப்புக் கூடினால் முதல்நாட் பயிற்சியைப் பாதியாக்கு என்ற விதியை அன்றே கற்றேன். வன்னி வெயில் நலமுள்ளவனையே சுருட்டும். நோயாளிக்கு விடியலும் அந்தியுமே உரிய பொழுதுகள். தண்ணீர்ப் போத்தல் கையோடு இருக்கவேண்டும்.

நடத்தலாகாத நாட்களும் உண்டு. அவற்றை அறியாதவனுக்கு இக்கட்டுரை தீங்காகும். காய்ச்சல் 38 பாகையை எட்டினால் நடையுமில்லை, கைவைத்தியமுமில்லை. நள்ளிரவாயினும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். வெண்குருதியணு குறைந்த உடலிற் சிறு காய்ச்சலும் சில மணி நேரத்துள் உயிராபத்தாகலாம். நான்காம் முறையின் பதினோராம் இரவு எனக்கு அவ்வாறு காய்ந்தது. குளிசை போட்டு விடியும் வரை பார்ப்போம் என்று நான் சொன்னேன், மனைவி கேட்கவில்லை. ஓட்டோ ஒன்றை எழுப்பிக் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாள். ஆறு நாட்கள் அங்கே இருந்தேன். அவளுடைய பிடிவாதம் அன்று சரியான இடத்தில் நின்றது. இன்னும், தட்டணு குறைந்து பல்முரசிற் குருதி கசியும் நாட்களிற் சைக்கிளோட்டமும் பாரந்தூக்கலும் ஆகா. விழுந்தால் உள்ளே குருதி பெருகும். எழுந்து நிற்கையில் தலை சுற்றினால் இருக்கவேண்டும். எலும்பிற் புற்றுநோய் பரவியவர், வைத்தியர் சொல்லாமல் ஒரு பயிற்சியும் தொடங்கலாகாது. மரத்த காலோடு நடப்பவர் செருப்பின்றி இறங்கலாகாது. இரவில் உள்ளங்காலை விளக்கொளியிற் பார்த்து முள்ளும் காயமும் தேடவேண்டும். வயற்சேற்றில் இறங்குவதைச் சிகிச்சை முடியும் வரை மறக்கவேண்டும். சேற்றில் வாழும் கிருமிகளுக்கு எதிர்ப்பற்ற உடல் எளிய இரை.

ஐந்தாம் முறைக்குப் போனபோது பஸ் படியில் நானாக ஏறினேன். ஒரு கை கம்பியிலிருந்தது. எனினும் ஏறியது என் கால். ஆறாம் முறை முடிந்து நான்கு மாதத்தின் பின் வகுப்பறைக்குத் திரும்பினேன். விரல் மரப்பு இன்னும் சிறிது இருக்கிறது. கரும்பலகையில் என் எழுத்து முன்னையிலும் கோணல் என்று மாணாக்கர் தமக்குள் பேசிக்கொள்வதை நான் கேளாதவன் போல் இருக்கிறேன். ஒவ்வொரு பரிசோதனைக்கும் நெஞ்சு நடுங்கவே போகிறேன். நோய் மீளாது என்று எனக்கு எவரும் வாக்களிக்கவில்லை. ஆயினும் இன்றைய நாளை நிமிர்ந்து நின்று கழிக்கிறேன். என் தாய் கேட்டதும் இவ்வளவே, அரைவாசி முற்றம்.

முடிவாகப் பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடையே ஒருவருக்கு இந்நோய் வந்தால் நாம் அப்பிள் பழமும் கோர்லிக்ஸ் போத்தலுமாகச் சென்று, கட்டிலருகே கதிரையைப் போட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்து வருகிறோம். நாம் இருக்கும் வரை அவரும் மரியாதைக்காகப் படுத்தே இருக்கிறார். இனி அவ்வாறு செய்யாதிருப்போம். இருமலோ தடிமலோ நமக்கு இல்லாத நாளில், விடியற்காலை சென்று, "வாரும், ஒழுங்கை முகப்பு மட்டும் போய் வருவம்" என்று அழைப்போம். அவர் பத்துக் கதியாலில் நின்றால் நாமும் நிற்போம். அவர் இன்றைக்கு வேண்டாம் என்றால் மறுநாள் வருவோம்.

இன்னொன்று. நோயாளியின் நடைக்குத் தடையாய் இருப்பது பெரும்பாலும் தூரமன்று. இடையில் இருக்க இடமில்லாமையே. இடையில் இருக்கலாம் என்று தெரிந்தவன் முப்பது அடி தாண்டியும் நடக்கத் துணிவான். நமது கல்லூரி மைதானத்தைச் சுற்றி நிழல்மரங்கள் உள்ளன, வாங்குகள் இல்லை. யூபிலி நினைவாக ஐம்பது அடிக்கு ஒன்றாகச் சில வாங்குகளை அமைத்து, பாடசாலை தொடங்குமுன் ஒரு மணி நேரம் பின்வாயிலைத் திறந்து வைக்கச் சங்கத்தார் அதிபரோடு கலந்து ஆவன செய்வாராயின், இவ்வூரில் மருந்தேற்றி வருவோர் பலருக்கு அது பேருதவியாகும். அவற்றில் ஒன்றுக்குரிய பலகையைத் தர நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதிற் பெயர் எதுவும் பொறிக்க வேண்டியதில்லை. அதன் கீழ் விழும் சருகைக் கூட்ட ஒரு விளக்குமாற்றையும் அருகே சாத்தி வைத்தாற் போதும். எவரேனும் ஒரு தாய் அதனைக் கையில் எடுத்தால், தடுக்காதீர்கள்.

கல்லூரி பல்லாண்டு வாழ்க.